மந்தைக்குப் பின்னால் நடப்பது

மாடும் ஆடும் வளர்ப்பவரின் நாளில் கைவேலையைவிடக் கண்வேலையே அதிகம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை. சாணம் அள்ளுவதும் தண்ணீர் காட்டுவதும் தீவனம் இடுவதும் பால் கறப்பதும் எல்லோருக்கும் தெரிந்த வேலைகள். அவற்றைப் பழகிக்கொள்ளச் சில மாதங்கள் போதும். ஒவ்வொரு விலங்கும் நலமாக இருக்கும்போது எப்படி நிற்கிறது, எப்படிப் படுக்கிறது, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மனத்தில் பதியவைத்துக்கொள்ளத்தான் ஆண்டுகள் ஆகின்றன. இவை வேட்டையாடப்பட்ட விலங்குகளின் வழிவந்தவை. கூட்டத்தில் நொண்டுவதும் சோர்வதும் எதுவோ, அதைத்தான் வேட்டை விலங்கு குறிவைக்கும் என்பதால், வலியை மறைக்கும் இயல்பு அவற்றின் உடம்பில் ஊறியிருக்கிறது. நோய் நன்றாக முற்றிய பிறகே அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வெளியே வருகிறது. அதற்கு முன்பே கண்டுகொள்ள வேண்டுமானால் நேற்றைக்கும் இன்றைக்கும் இடையிலுள்ள சிறு மாற்றத்தைப் பிடிக்கும் பார்வை வேண்டும். அந்தப் பார்வை எனக்குத் தொழுவத்தில் கிடைத்ததைவிட, மந்தைக்குப் பின்னால் நடந்தபோதும் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து பார்த்தபோதும் கிடைத்ததே மிகுதி.

காலையில் தொழுவத்துக்குள் நுழைவதற்கு முன் வாசலிலேயே சற்று நிற்பேன். நான் உள்ளே போனவுடன் எல்லாம் எழுந்துவிடும். தீவனம் வருகிறது என்ற எதிர்பார்ப்பில் சோர்ந்திருக்கும் மாடுகூடத் தலையை நிமிர்த்திவிடும். ஆகவே, அவை என்னைக் கவனிப்பதற்கு முன் எப்படி இருக்கின்றனவோ அதுதான் அவற்றின் உண்மையான நிலை. எது தனியே ஒதுங்கிப் படுத்திருக்கிறது, எதன் காதுகள் தொங்குகின்றன, எதன் முதுகு கூனியிருக்கிறது, எது அசைபோடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். நலமான மாடு எழுந்தவுடன் முதுகை நெளித்துச் சோம்பல் முறிக்கும். அதன் மூக்கு நுனியில் ஈரம் முத்து முத்தாகப் படிந்திருக்கும். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சலாக இருக்குமோ என்று ஐயப்பட வேண்டும். கையை வைத்துப் பார்த்து முடிவுசெய்ய இயலாது, ஏனென்றால் பசுவின் இயல்பான உடல் வெப்பமே ஏறக்குறைய 38.5 டிகிரி செல்சியஸ். வெள்ளாட்டுக்கு இன்னும் சற்று அதிகம், 39 முதல் 40 வரை போகும். நலமாக இருக்கும் ஆடே நம் கைக்குச் சுடும். வெப்பமானி ஒன்றைத் தொழுவத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

அசைபோடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாட்டின் நலத்தை அறிவதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை என்பது என் எண்ணம். மாட்டின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறையான பெருவயிறு மட்டுமே வளர்ந்த பசுவில் 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். அதற்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்கவே இயலாத நாரையும் தாளையும் நொதிக்க வைத்து மாட்டுக்கு ஊட்டமாக மாற்றித் தருபவை அவைதாம். மாட்டுக்குத் தீவனம் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாலும், முதலில் உண்பவை அந்த நுண்ணுயிர்களே. அதனால்தான் தீவனத்தைத் திடீரென்று மாற்றக் கூடாது என்கிறார்கள். பழகாத மாடு ஒரே வேளையில் தானியத்தை நிறையத் தின்றுவிட்டால், பெருவயிற்றில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகிவிடும். நல்ல தீவனம் எடுக்கும் பசு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அந்த உமிழ்நீர்தான் அமிலத்தை மட்டுப்படுத்துகிறது, அது வேண்டிய அளவு சுரக்க மாடு அசைபோட்டாக வேண்டும்.

படுத்திருக்கும் பசுவின் கழுத்தை அருகிலிருந்து பார்த்தால் இது முழுவதும் தெரியும். கழுத்தின் கீழிருந்து ஒரு கவளம் மேலேறி வருவதைத் தோலுக்கு வெளியிலிருந்தே காணலாம். வாய்க்கு வந்ததும் தாடை ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்கும். ஐம்பது முறை அளவுக்கு மென்ற பிறகு அது விழுங்கப்படும். சில நொடிகள் எதுவும் நடக்காது. பிறகு அடுத்த கவளம் ஏறி வரும். ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை இப்படியே போகிறது. பசு மெல்லும்போது கண்கள் பாதி மூடியிருக்கும். இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் கைமுட்டியை அழுத்திப் பிடித்தால், நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை பெருவயிறு உருண்டு கையைத் தள்ளும். அந்தத் தள்ளல் நின்றுபோனால் மற்ற எல்லா வேலைகளையும் ஒதுக்கிவிட்டு அதைத்தான் கவனிக்க வேண்டும். அதே பள்ளம் மேலே உப்பிக்கொண்டு வந்து, தட்டினால் வெற்று ஒலி எழுப்பினால் அது வயிற்று உப்புசம். ஈரம் காயாத இளம் பயறுவகைத் தழையை வெறும் வயிற்றில் மேய்ந்த மாட்டுக்கு இது மணிக்கணக்கில்கூட அல்ல, அதற்கும் விரைவாக வந்துவிடும். உப்பிய வயிறு நுரையீரலை அழுத்தி மூச்சை நிறுத்திவிடும் என்பதால், மருத்துவரை அழைப்பதில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பசியோடு இருக்கும் மாட்டை அத்தகைய மேய்ச்சலுக்கு விடுவதற்கு முன் உலர்ந்த வைக்கோலோ புல்லோ கொடுத்து அனுப்பினால் இந்தத் துயரத்தின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

பனி காய்ந்த பிறகே ஆடுகளைத் திறந்துவிட வேண்டும் என்ற பழைய சொல்லுக்கும் காரணம் இருக்கிறது. குடற்புழுக்களின் இளம்புழுக்கள் ஈரப் புல்லின் மேல் ஏறிவருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குள்ளேயே இருக்கும். தரையை ஒட்டி மேயும் ஆடு அவற்றையும் சேர்த்தே விழுங்கும். ஆடுகளின் நான்காம் வயிற்றறையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் ஓர் உருளைப்புழு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த காலத்தில் ஒரு மந்தையையே சாய்த்துவிடக்கூடியது. கண்ணின் கீழிமையை இழுத்து உட்புறத் தோலின் நிறத்தைப் பார்ப்பதே அதைக் கண்டறிய எளிய வழி. ஆட்டின் தலையை என் முழங்காலோடு அணைத்துக்கொண்டு, மேலிமையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக் கீழிமையை இறக்கினால் உட்தோல் ஒரு நொடி மலர்ந்து தெரியும். நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் ஐயம். வெண்மையாக இருந்தால் அந்த ஆட்டின் இரத்தம் பெரும்பாலும் புழுக்களுக்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டும் ஃபமாச்சா என்னும் வண்ண அட்டையைத் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கினார்கள்; இன்று பல நாடுகளில் அது பயன்படுகிறது. வெளிறிய ஆடுகளுக்கு மட்டும் மருந்து கொடுத்து மற்றவற்றை விட்டுவிடுவதால், மருந்துக்கு அஞ்சாத புழுக்கள் பெருகுவது தாமதமாகிறது. எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுவதைவிட ஒவ்வோர் ஆட்டின் கண்ணையும் திறந்து பார்ப்பது நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் அந்த நேரத்தில் பல்லையும் குளம்பையும் மடியையும் தோலில் ஏறிய உண்ணியையும் சேர்த்தே பார்த்துவிட முடிகிறது என்பதால் அதை வீண் என்று நான் கருதியதே இல்லை.

இனி நடைக்கு வருகிறேன். மந்தையோடு நடப்பது தனியாக உலாவுவதிலிருந்து முற்றிலும் வேறானது. வேகத்தை நாம் தீர்மானிப்பதில்லை. ஆடுகள் ஒரு புதரில் நின்றால் நாமும் நிற்க வேண்டும், நின்ற இடத்தில் நமக்குப் பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றினாலும் நிற்க வேண்டும். அப்படி நின்று பழகிய பிறகு, பார்க்க ஒன்றுமில்லாத இடம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

முதலில் பழக வேண்டியது எங்கே நிற்பது என்பதைத்தான். மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கிறது. நேர் பின்னால் மட்டுமே அதற்குத் தெரியாது. அந்த இடத்திலிருந்து ஓசையின்றி நெருங்குபவரை அது உதைத்தால் குற்றம் மாட்டினுடையதல்ல. ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் ஓர் எல்லை உண்டு. அதற்குள் நாம் கால் வைத்தால் மாடு நகரும், எல்லையை விட்டு விலகினால் நிற்கும். தோள்பட்டைக்குப் பின்புறமாக நின்று அந்த எல்லையைத் தொட்டால் அது முன்னே போகும். தோள்பட்டைக்கு முன்னால் வந்தால் திரும்பிவிடும். இதை அறிந்தவர் கோலை ஓங்காமல், குரலையும் உயர்த்தாமல், இரண்டு அடி இடமோ வலமோ நகர்ந்தே ஒரு மந்தையை வாய்க்கால் தாண்டிக் கொண்டுபோய்விடுவார். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அப்படி ஓட்டுவதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். அவர் ஓட்டும்போது மாடுகள் ஓடுவதில்லை. மிரண்டு ஓடாத மாடு சினை கலைவதும் காலை முறித்துக்கொள்வதும் அரிது.

ஒரே வெளியில் மேய்ந்தாலும் மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றும் வெவ்வேறு இடத்தைத்தான் பார்க்கின்றன. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை, கெட்டியான ஈறு மட்டுமே உண்டு. நாக்கை நீட்டிப் புல்லைச் சுற்றி வளைத்து, கீழ்ப்பற்களுக்கும் ஈறுக்கும் நடுவே பிடித்து, தலையைச் சுண்டிப் பறிக்கிறது. ஆகவே மிகவும் குட்டையான புல் அதன் வாய்க்குச் சிக்காது. செம்மறியின் மேலுதடு பிளந்திருப்பதால் அது தரையை ஒட்டியே கடித்து மேயும். வெள்ளாடு குனிவதைவிட நிமிர்வதை விரும்புகிறது. பின்னங்கால்களில் எழுந்து நின்று, உதட்டாலேயே முள்ளை விலக்கி, இடையிலுள்ள இலையை மட்டும் உருவிக்கொள்ளும். இந்த வேறுபாட்டை அறிந்து மூன்றையும் அளவாகச் சேர்த்து மேய்த்தால் நிலத்தின் எல்லாச் செடிகளும் ஓரளவு பயன்படும். அறியாமல் ஒரே வகையை மட்டும் ஓரிடத்திலேயே விட்டு வைத்தால், அந்த வகை விரும்பும் செடிகள் அழிந்து, விரும்பாத முட்செடிகள் மட்டும் மிஞ்சும்.

மேய்ச்சல் நிலம் கெட்டுப்போவதற்கு மாடுகளின் எண்ணிக்கை மட்டும் காரணமல்ல என்பதையும் நடந்துதான் உணர்ந்தேன். கடிபட்ட புல் தன் வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்திருப்பதைச் செலவழித்துப் புதிய இலை விடுகிறது. அந்த இலை வளர்ந்து, செலவானதைத் திரும்பச் சேர்ப்பதற்கு முன்பே மீண்டும் கடிபட்டால் வேர் குறுகிவிடும். இரண்டு கடிகளுக்கு இடையிலுள்ள கால அளவுதான் நிலத்தைக் காப்பதும் கெடுப்பதும் என்று பிரான்சைச் சேர்ந்த ஆந்த்ரே வுவாசின் 1950களிலேயே வலியுறுத்தினார். அதற்குப் பிறகு வந்த சுழற்சி மேய்ச்சல் முறைகள் பலவற்றுக்கும் அவருடைய கருத்தே அடிப்படை. காலுக்கடியில் இதன் அடையாளங்களைக் காணலாம். புல் தூர்களுக்கு நடுவே வெறும் மண் அகன்றுகொண்டே போகும், சருகு இருக்காது, பெய்த மழை மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே வழிந்து சிறு சிறு ஓடைகளாகக் கீறிவிட்டுப் போயிருக்கும். அத்தகைய இடத்தைக் கண்டால் அடுத்த சில வாரங்களுக்கு மந்தையை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

நச்சுச் செடிகளையும் நடையில்தான் அறிய வேண்டியிருக்கிறது. உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எங்கும் காடாகப் பரவிவிட்டது. அதன் இலை மாட்டின் கல்லீரலைக் கெடுக்கும். பிறகு வெயில் பட்ட இடங்களில் தோல் வெந்து உரியும். அங்கேயே பிறந்து வளர்ந்த விலங்குகள் பொதுவாக அதைத் தொடுவதில்லை. புதிதாக வாங்கிவந்தவை, அதிலும் பயணத்தில் பட்டினி கிடந்து வந்தவை, தின்றுவிடும். எனவே புதிய விலங்கை முதல் சில நாட்கள் வயிறு நிறையத் தீவனம் கொடுத்த பிறகே வெளியே ஓட்டிச் செல்வதும், பழகிய மந்தையின் நடுவில் விடுவதும் நல்லது. வறட்சியில் வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரும் அப்படித்தான். அதில் சயனைடு நஞ்சு உருவாகியிருக்கும். மழையில்லாத காலத்தில் பச்சையாகத் தெரிவது அது ஒன்றுதான் என்பதால், மாடு அதை நோக்கித்தான் போகும்.

நடக்கும்போது மந்தையோடு சேர்ந்து நடப்பவை வேறும் உண்டு. மாடு காலெடுத்து வைக்கும்போது புல்லிலிருந்து துள்ளும் வெட்டுக்கிளியை எதிர்பார்த்து உண்ணிக்கொக்கு அதன் வாயருகிலேயே நடக்கும். தனியே இரை தேடுவதைவிட மாட்டோடு நடக்கும்போது குறைந்த உழைப்பில் அதற்கு நிறைய இரை கிடைக்கிறது என்று பறவையியலாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்த இக்கொக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து தென்னமெரிக்காவை அடைந்தது. மனிதர் காட்டைத் திருத்தி மாடு மேய்த்த இடமெல்லாம் அதற்கு வாழிடமாகி, அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வட அமெரிக்காவிலும் பரவிவிட்டது. கொக்குகள் என் மந்தையில் ஒரு மாட்டையே விடாமல் சுற்றினால், அந்த மாட்டின் உடம்பில் ஈயோ உண்ணியோ கூடியிருக்கிறதா என்று அன்று மாலை தேடிப் பார்ப்பேன்.

சாணவண்டுகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. புதிய சாணத்தைக் குச்சியால் கிளறினால் அடியில் மண் துளைபட்டிருக்கும். ஒருவகை வண்டு சாணத்தை உருண்டையாக்கி உருட்டிச் செல்லும், மற்றொன்று விழுந்த இடத்திலேயே குழி தோண்டி உள்ளே இறக்கும். இதனால் எரு வேருக்குச் சேர்கிறது, துளை வழியே காற்றும் மழைநீரும் மண்ணுக்குள் போகின்றன, ஈக்கள் முட்டையிட இடமில்லாமல் போகிறது. அவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா காட்டியது. 1788இல் மாடுகள் அங்கே போய்ச் சேர்ந்தபோது, அந்த நாட்டு வண்டுகள் கங்காரு போன்றவற்றின் உலர்ந்த சிறு புழுக்கைக்கே பழகியிருந்தன. மாட்டுச் சாணம் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து புல்லை மூடியது, ஈக்கள் பெருகின. ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியலாளரின் முயற்சியால் 1960களில் தொடங்கி வேறு கண்டங்களிலிருந்து வண்டினங்களைக் கொண்டுவந்து விட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. உருட்டும் வண்டுகளில் ஒன்று, நிலவில்லாத இரவில் பால்வெளியின் ஒளிப்பட்டையைக் கொண்டு நேர்கோட்டில் செல்கிறது என்று 2013இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஐவர்மெக்டின் போன்ற புழுமருந்துகள் சாணத்தின் வழியே வெளியேறி வண்டின் இளம்புழுக்களைக் கொல்கின்றன. கண்ணிமையைப் பார்த்துத் தேவையான விலங்குக்கு மட்டும் மருந்து கொடுக்க இதுவும் ஒரு காரணம்.

இத்தனையையும் பார்த்துக்கொண்டே நடந்தாலும், நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. மெல்ல மெல்ல நேரும் மாற்றம் அதற்குத் தெரிவதில்லை. ஒரு பசு வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தால் அதை வளர்ப்பவர் கடைசியில்தான் உணர்வார். பத்து நாட்களுக்கு ஒருமுறை வேலியோரம் நின்று பார்ப்பவர் முதலிலேயே கேட்டுவிடுவார். "தம்பி, செவலை பின்னங்காலை ஊன்றித் திரும்ப யோசிக்குது, குளம்பைத் தூக்கிப் பார்த்தீங்களா?" என்று அக்கா கேட்டால், வீட்டுக்குப் போய்க் குளம்பைத் தூக்காமல் நான் உட்கார்வதில்லை. அவருடைய ஆடுகளைப் பற்றி நானும் அப்படியே சொல்கிறேன். குறை கண்டுபிடிப்பதாக இருவரும் எடுத்துக்கொள்வதில்லை. இந்த உறவு ஒரே நாளில் அமைந்துவிடவில்லை என்பதையும், அதைக் காப்பாற்ற வேலியைச் சரியாக வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருவருடைய ஆடு மற்றவருடைய பயிரை ஒரு மாலையில் தின்றுவிட்டால் பல ஆண்டுகால நட்பு குலைந்துவிடும்.

பசு பருவத்துக்கு வருவதைக் கண்டறிவதில் அண்டை வீட்டாரின் கண்ணுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. பசு 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. அது ஒரு நாளுக்கும் குறைவாகவே நீடிக்கும், அதுவும் பல பசுக்களுக்கு இரவில்தான் வெளிப்படும். மற்ற மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்பதே உறுதியான அடையாளம். காலையில் அப்படி நின்றால் மாலையிலும், மாலையில் நின்றால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்வது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த நேரம் தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அதிகாலையில் வயலுக்குப் போகும் ஒருவர் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துச் சொல்லும் ஒரு சொல் அந்த மூன்று வாரத்தை மிச்சப்படுத்திவிடுகிறது. வெள்ளாடுகளில் கிடாவை வீடுகளுக்கிடையே மாற்றிக்கொள்வதும் இத்தகையதே. ஒரே கிடாவை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மந்தையில் வைத்திருந்தால் அது தன் மகள்களோடே சேர நேரும். பிறகு பிறக்கும் குட்டிகள் நலிந்துபோகும். இரண்டு வீட்டார் பேசி மாற்றிக்கொண்டால் புதிய கிடா வாங்கும் தேவையே இல்லாமல் போகிறது.

பொது மேய்ச்சல் நிலம் என்றால் எல்லோரும் தத்தம் மாட்டைப் பெருக்கி அதை அழித்துவிடுவார்கள் என்று அமெரிக்கச் சூழலியலாளர் கேரட் ஹார்டின் 1968இல் எழுதினார். பலரும் அதை மறுக்க முடியாத உண்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். எலினார் ஆஸ்ட்ராம் உலகின் பல பகுதிகளில் பொதுச் சொத்தை மக்கள் தாமே நிர்வகித்த முறைகளை ஆராய்ந்து, அப்படி அழியாமல் நூற்றாண்டுகளாக நிலைத்தவையும் உண்டு என்று காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் சுவிட்சர்லாந்தின் டோர்பெல் ஒன்று. குளிர்காலத்தில் எத்தனை பசுக்களுக்குத் தீவனம் கொடுத்துக் காப்பாற்ற இயலுமோ அத்தனையைத்தான் ஒருவர் கோடையில் மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று 1517இலேயே அங்கே விதி இருந்தது. இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்கு மிகுந்த நிறைவு ஏற்பட்டது. ஹார்டினின் மேய்ப்பர்கள் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. மந்தைக்குப் பின்னால் நடப்பவர்கள் எதிர்ப்படும்போதெல்லாம் நின்று பேசுபவர்கள். எந்தக் குளத்தில் தண்ணீர் வற்றுகிறது, எந்தச் சரிவில் புல் தேறியிருக்கிறது, யாருடைய மாட்டுக்கு வாயில் புண் வந்திருக்கிறது என்பதுதான் அவர்களுடைய பேச்சு.

வாய்ப்புண் பற்றிய பேச்சை மறைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கோமாரி போன்ற நோய் ஒரு தொழுவத்தில் புகுந்தால், சொல்ல வெட்கப்பட்டு மூடி வைக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த தொழுவத்துக்கு அதைக் கொண்டுசேர்க்கும். உலகம் முழுவதும் அடியோடு ஒழிக்கப்பட்ட நோய்கள் இதுவரை இரண்டே. மனிதரின் பெரியம்மை ஒன்று. 2011இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட, வெக்கை என்று வழங்கிய மாட்டுக் கொள்ளைநோய் மற்றொன்று. கால்நடை மருத்துவ அறிஞர் வால்டர் பிளவ்ரைட் உருவாக்கிய தடுப்பூசி அதற்கு அடித்தளம் இட்டது. பின்னர், குளிர்பதனம் இல்லாமல் சில வாரங்கள் தாங்கும் வகை வந்ததும், வாகனம் போகாத ஆப்பிரிக்க மேய்ச்சல் வெளிகளில் மேய்ப்பர்களுக்கே பயிற்சி அளித்து ஊசி போடச் செய்தார்கள். எந்த மந்தையில் நோய் இன்னும் மிச்சமிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருவருக்கொருவர் மந்தையைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் இல்லையென்றால் அந்தக் கடைசிக் கட்டம் இன்னும் எத்தனை ஆண்டுகள் இழுத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அண்டை வீட்டாரின் கை தேவைப்பட்ட ஓர் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளாட்டின் சினைக்காலம் 150 நாட்கள் அளவு. தலைச்சன் ஆடு ஒன்று நாள் நிறைந்து, பனிக்குடம் உடைந்து, முக்கிக்கொண்டே இருந்தது. குட்டி, தண்ணீரில் பாய்பவன் கைகளை முன்னே நீட்டித் தலையை அவற்றின் மேல் வைத்திருப்பதைப்போல, இரு முன்னங்கால்களும் மூக்கும் ஒருசேர வர வேண்டும். இங்கே ஒரு காலும் மூக்கும் மட்டுமே தெரிந்தன. அரைமணி நேரம் பலமாக முக்கியும் முன்னேற்றம் இல்லையென்றால் உதவி தேவை என்பதால் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு அக்காவை அழைத்தேன், ஏனென்றால் அவர் வீட்டிலேயே பல ஈற்றுகளைப் பார்த்தவர், அவருடைய கையும் சிறியது. நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, வழுவழுப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். ஆடு முக்கும்போது கையை அசைக்கவே இல்லை. அது ஓய்ந்த இடைவெளியில் மட்டும் குட்டியின் தலையை மெல்ல உள்ளே தள்ளினார். மடங்கியிருந்த காலின் குளம்பைத் தாயின் உட்சதை கிழியாமல் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு முன்னே கொண்டுவந்தார். அடுத்த முக்கலில் குட்டி வந்துவிட்டது. மூக்கிலும் வாயிலும் இருந்த சளியைத் துடைத்து, ஒரு வைக்கோல் தாளால் மூக்குத்துளையைச் சீண்டியதும் அது தும்மி மூச்சு வாங்கியது. தொப்புளை அயோடினில் நனைத்துவிட்டுத் தாயின் முகத்தருகே வைத்தோம்.

அதற்குப் பிறகுதான் உண்மையில் அவசரம் தொடங்குகிறது. ஆட்டிலும் மாட்டிலும் நோய் எதிர்ப்பாற்றல் தாயின் கருப்பை வழியே குட்டிக்குப் போவதில்லை. சீம்பாலில் மட்டுமே கிடைக்கிறது. குட்டியின் குடல் அதை முழுமையாக உள்வாங்குவது முதல் சில மணி நேரத்தில்தான். ஒரு நாள் கடந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். தலைச்சன் ஆடுகள் சில, குட்டியைக் கண்டு விலகிப்போகும். அக்கா தாயைச் சுவரோரம் அணைத்துப் பிடித்துக்கொள்ள, காம்பின் நுனியை அடைத்திருந்த பிசினைப் பீய்ச்சி எடுத்துவிட்டு நான் குட்டியின் வாயில் வைத்தேன். வால் ஆடத் தொடங்கியதும் பால் இறங்குகிறது என்று தெரிந்தது. நஞ்சுக்கொடி தானாக விழும்வரை இழுக்காமல் விட்டுவிடுமாறு சொல்லிவிட்டு, அவர் தம் வீட்டுக்குப் போகும்போது பொழுது புலரும் நேரம்.

செம்மறிகளால் ஐம்பது முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருக்க முடிகிறது என்று 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. மனித முகங்களையும் அவை பிரித்தறிகின்றன. நாங்கள் வெளியூர் போகும் நாட்களில் அக்கா தொழுவத்துக்குள் நுழைந்தால் எந்த விலங்கும் மிரள்வதில்லை. அவர் போகும் நாட்களில் அவருடைய மந்தையும் என்னை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. எந்த ஆடு எந்தப் புதரில் பின்தங்கும், எந்தப் பசு தண்ணீர்த் தொட்டியை முதலில் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விடாது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

இப்போது அவருடைய கிடேரி முதல் ஈற்றுக்கு நிற்கிறது. கருவூட்டி 280 நாட்கள் நெருங்கிவிட்டன. வால் அடியின் இருபுறமும் இருக்கும் தசைநார்கள் நேற்றிலிருந்து தளர்ந்து குழிவிட்டிருக்கின்றன; மடி இறுகிக் காம்புகள் மினுங்குகின்றன. நள்ளிரவு வரை அவர் பார்ப்பார், அதன் பின் விடியும்வரை நான் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இரு குளம்பும் மூக்கும் சரியாகத் தெரிந்தால் தொழுவத்துக்கு வெளியே நின்றுகொள்வேன், அருகில் போய் அதைக் கலவரப்படுத்த மாட்டேன். ஒரு குளம்பு மட்டும் தெரிந்தாலோ, உள்ளங்கால் மேல்நோக்கி இருந்தாலோ அவரை எழுப்பிவிட்டு மருத்துவரை அழைப்பேன். அயோடினும் துடைக்கத் துணியும் சுத்தமான வாளியும் திண்ணையில் எடுத்து வைத்தாகிவிட்டது.